வாசகர் கேள்வி – பதில்: நட்சத்திரம் பதித்த பிரெஞ்சுக் கேமரா

பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள பியேவ்ர் என்ற சிற்றூரில் 1964 முதல் நடந்துவரும் பழைய கேமராச் சந்தையைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸில் உருவான ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களையே, அதாவது தூரமானி பொருத்திய கேமராக்களையே, சுற்றி வந்தன. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பியேவ்ர் சந்தையில் ‘ஃபோகா’ என்ற பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவை ஓட்டல்களுக்குத் தருவதைப் போன்ற தரக்குறியீடா? இதைச் செய்தவர்கள் யார்?

ஏறத்தாழ அப்படித்தான், ஆனால் மதிப்பெண் போட்டவர்கள் வெளியாட்கள் அல்லர். தங்கள் கேமராவுக்கு அவர்களே போட்டுக்கொண்டது. தங்கள் கையில் இருப்பது பி.எஃப். 2 என்ற மாதிரி. ‘பெத்தி ஃபோர்மா’, அதாவது சிறு வடிவம் என்ற பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளே பி.எஃப். ஒற்றை நட்சத்திர மாதிரியில் தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு லென்ஸ் வளையத்தில் வைக்க வேண்டும். இரண்டு நட்சத்திர மாதிரியில் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு. மூன்று நட்சத்திர மாதிரியில் அத்துடன் ஒரு விநாடி வரையிலான மெதுவான ஷட்டர் வேகங்களும் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், முதலில் சந்தைக்கு வந்தது இரண்டு நட்சத்திரம்தான். ஒற்றை நட்சத்திரம், விலையைக் குறைப்பதற்காகப் பின்னால் செய்யப்பட்டது. எனவே நட்சத்திரங்களின் எண்ணிக்கையைக் கால வரிசையாகக் கொண்டு கேமராவின் வயதைக் கணக்கிட்டால் தவறிவிடும்.

செய்தவர்கள் ஓ.பி.எல். என்று சுருக்கமாக அறியப்பட்ட, ‘லெவல்வாவின் ஒளியியலும் நுண்பொறியியலும்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட நிறுவனத்தார். பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில் 1919-ல் இதைத் தொடங்கியவர் ஆர்மான் த கிராமோன் என்ற பிரபு. பிரபுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு விருந்துகளுக்குப் போய்வந்ததோடு நின்றவர் அல்லர். ஒளியியல் ஆய்வில் முறையாக உழைத்தவர், பாரிஸின் ஒளியியல் கல்விக்கழகம் உருவானதில் முன்னின்றவர், அறிவியல் அகாதமியின் உறுப்பினர். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தின் நண்பர் என்பதால் இலக்கிய வரலாற்றிலும் இவர் பெயர் அகப்படும். இவருடைய நிறுவனத்தின் பிழைப்பு ராணுவத்தையும் கடற்படையையும் நம்பியிருந்தது. பீரங்கிகளுக்கான தூரமானிகளைச் செய்வதே அவர்களுடைய முதன்மைத் தொழில். சிறு கேமரா ஒன்றைச் செய்யும் திட்டம் போருக்கு முன்பே தொடங்கியது. போரும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பும் அதைக் கிடப்பில் போட, போர் முடிந்த கையோடு 1945-46-ல்தான் ஃபோகா வெளியே வந்தது. பெயரில் லெவல்வா இருந்தாலும், கேமராக்கள் உருவானது பாரிஸுக்குத் தென்மேற்கே ஷாத்தோதன் என்ற ஊரில் நிறுவனம் எழுப்பியிருந்த தொழிற்சாலையில்.

கேள்வி: பார்வைக்கு ஜெர்மனியின் லைக்கா கேமராவைப் போலவே இருக்கிறதே, இது அதன் நகல்தானே? என்னிடமுள்ள லைக்கா லென்ஸ் இதில் பொருந்தவில்லை.

பொருந்தாது, வலிந்து திருகிப் பார்க்கவும் வேண்டாம். லைக்காவின் திருகு வாய், அதாவது லென்ஸைத் திருகிப் பொருத்தும் வளையம், 39 மி.மீ. விட்டம், தொடக்க கால ஃபோகாவின் வாய் 36 மி.மீ. இந்த 3 மி.மீ. வேறுபாடே ‘நகல்தானே’ என்ற தங்கள் கேள்விக்கும் பாதி விடை சொல்லிவிடுகிறது. போருக்குப் பின் ஜெர்மானியக் காப்புரிமைகள் செல்லாதவை ஆனதால், ஜப்பானிலும் பிரிட்டனிலும் சோவியத் ஒன்றியத்திலும் லைக்காவின் வாயையும் உடலையும் அப்படியே எடுத்துக்கொண்டு கேமரா செய்தவர்கள் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் போருக்கு முன்பே அதைச் செய்தார்கள். ஓ.பி.எல். அந்த வழியில் போகவில்லை. உருட்டிய விளிம்புகளும் துணித்திரை ஷட்டரும் லைக்காவை நினைவூட்டும் என்பது உண்மைதான். ஆனால் கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அக்கால லைக்காவில் காட்சியைப் பார்க்க ஒரு துளை, தூரத்தைப் பொருத்த இன்னொரு துளை என்று கண்ணை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஃபோகாவில் இரண்டும் ஒரே துளையில் அடங்கும். லைக்கா இந்த வசதிக்கு வந்து சேர்ந்தது 1954-ல், எம்3 மாதிரியில். அதேபோல் லைக்காவில் அடித்தகட்டைக் கழற்றி, ஃபிலிமின் நுனியை நீளமாக வெட்டி, இடுக்கில் செருகித் தள்ள வேண்டும். அதற்குள் பொறுமை போய்விடும். ஃபோகாவின் முதுகுத் தகடு அடித்தகட்டோடு சேர்ந்து முழுதாகக் கழன்று வருகிறது. ஃபிலிம் ஓடும் பாதை முழுவதையும் கண்ணால் பார்த்தே சுருளைப் போடலாம். இதற்கு முன்மாதிரி என்று சொன்னால் லைக்காவை அல்ல, அதன் போட்டியாளரான கான்டாக்ஸைத்தான் சொல்ல வேண்டும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். திருகு வாய் கொண்ட நட்சத்திர மாதிரிகளில் லென்ஸை மாற்ற முடியும் என்றாலும், ரேஞ்ச்ஃபைண்டர் இணைந்து இயங்குவது அதற்குரிய 50 மி.மீ. லென்ஸோடு மட்டுமே. வேறு லென்ஸைப் பொருத்தினால் மீண்டும் கண்மதிப்புதான். இந்தக் குறையை நீக்கவே 1940-களின் இறுதியில் ‘யூனிவெர்செல்’ வந்தது. திருகுக்குப் பதிலாகக் கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் வாய், 28 மி.மீ. அகலக்கோணம் முதல் 135 மி.மீ. தொலைக்கோணம் வரை எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்த லென்ஸ்கள் என்று, இதுதான் ஃபோகா வரிசையின் முழு வடிவம். இதற்கான 50 மி.மீ. எஃப் 1.9 ‘ஓப்லாரெக்ஸ்’ லென்ஸ், அக்காலப் பிரெஞ்சு உழைப்பின் உச்சம் என்பது என் கருத்து. எடை அதிகம், கண்ணாடி அதிகம், ஆனால் லென்ஸின் துளையை முழுதும் திறந்து எடுத்த படத்தில் முகங்களுக்கு ஒரு மென்மை கிடைக்கும்.

35 மி.மீ. ஃபிலிமில் படமெடுக்கும் எண்ணமே ஜெர்மனியிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கெரான் என்ற பாரிஸ் நிறுவனம் 24 x 36 மி.மீ. படமெடுக்கும் ‘ல ஃப்யூரே’ என்ற குட்டிக் கேமராவை 1923-லேயே செய்தது. லைக்கா லைப்சிக் கண்காட்சிக்கு வந்தது 1925-ல். அதற்கும் பத்தாண்டுகள் முன்பே ஜூல் ரிஷார் அதே ஃபிலிமில் இரட்டைப் படமெடுக்கும் கருவியைச் செய்துவிட்டார்.

கேள்வி: போர்க்கப்பலுக்குத் தூரமானி செய்தவர்கள் கேமரா செய்தார்கள் என்பது விளம்பரத்துக்குச் சொன்ன கதையா, அல்லது இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

தத்துவம் ஒன்றே, அளவுதான் வேறு. முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரலை விலக்க விலக்க அந்த மாற்றம் குறையும். இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் தெரிந்திருந்தால், மாற்றத்தின் கோணத்தைக் கொண்டு விரலின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். கேமராவின் நெற்றியில் உள்ள இரண்டு சாளரங்கள் அந்த இரண்டு கண்கள். ஒன்றன் வழியே நேராகப் பார்க்கிறோம். மற்றொன்றன் வழியே வரும் பிம்பம் ஆடியில் பட்டுத் திரும்பி முதல் பிம்பத்தின்மேல் வந்து அமர்கிறது. லென்ஸைச் சுழற்றும்போது ஒரு சிறு நெம்புகோல் நகர்ந்து அந்தப் பிம்பத்தின் கோணத்தை மாற்றுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் நொடியில் லென்ஸ் சரியான தூரத்தில் நிற்கும்.

சாளரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு உண்டாகும் கோணம் அரைப் பாகையைவிடச் சற்றுக் குறைவு, அதாவது வானில் முழுநிலவின் அகலமாக நமக்குத் தெரியும் அளவு. 10 மீட்டரில் அது பாதியாகிறது. 10 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் உள்ள கோண வேறுபாடு நிலவின் அகலத்தில் கால் பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய கோணத்தை ஆடியும் நெம்புகோலும் பிசகாமல் கடத்த வேண்டும் என்பதால்தான் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைச் செய்வது நுண்பொறியாளர்களின் வேலை ஆயிற்று. போர்க்கப்பலில் 10 கிலோமீட்டர் தூரத்திலுள்ள இலக்கை அளக்க 4 மீட்டர் அடிப்பாதை (சாளரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) கொண்ட கருவியை வைத்தால், அதில் உண்டாகும் கோணம், 40 மி.மீ. அடிப்பாதைகொண்ட கேமராவில் 100 மீட்டர் தூரத்துக்கு உண்டாகும் கோணத்துக்குச் சரியாகச் சமம். அந்தக் கோணத்தை அலைகளின் ஆட்டத்துக்கு நடுவே அளந்து பழகியவர்களுக்குக் கேமராவின் வேலை புதியது அல்ல, மலிவாகச் செய்வதுதான் புதியது. அந்தப் பழைய உறவு முறிந்துவிடவும் இல்லை. பிரெஞ்சுக் கடற்படைக்காகவே செய்யப்பட்டு, ‘மரின் நாசியோனால்’ என்ற பொறிப்போடு சென்ற ஃபோகாக்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடித் திரிகிறார்கள். அந்தப் பொறிப்பைப் பின்னால் யாரும் வெட்டிவிட முடியும் என்பதால் வாங்குபவர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கேள்வி: இவ்வளவு நல்ல கேமரா என்றால், புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள் ஏன் இதைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை?

நியாயமான கேள்வி. ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1930-களின் தொடக்கத்திலேயே லைக்காவுக்குப் பழகிவிட்டவர். 1940-ல் ஜெர்மானியரிடம் சிறைப்படுவதற்கு முன் அதை வோஷ் பகுதியில் மண்ணில் புதைத்துவைத்து, தப்பி வந்தபின் தோண்டி எடுத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரிடம் போய்ப் புதுக் கேமரா வாங்கச் சொன்னால் வாங்குவாரா? ரொபேர் துவானோவின் கையில் இருந்தது ரோலைஃப்ளெக்ஸ், அதுவும் ஜெர்மானியக் கருவியே. ஃபோகா போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் வசதியுள்ள ஆர்வலர்களிடமும் அரசுத் துறைகளிடமும். புகழ்பெற்ற படம் ஒன்று அதன் பெயரோடு ஒட்டிக்கொள்ளாமல் போனது, இன்று அது மறக்கப்பட்டிருப்பதற்கு ஒரு காரணம்.

கேள்வி: ‘மோன்தே ஆன் சார்’ என்று பிரெஞ்சில் பொறித்த லைக்கா ஒன்றின் படத்தைப் பார்த்தேன். லைக்காவைப் பிரான்ஸிலும் செய்தார்களா?

பிரான்ஸில் அல்ல, பிரான்ஸின் சுங்க எல்லைக்குள். போருக்குப் பின் ஜெர்மனியின் சார் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டுப் பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தது. அங்கே புழங்கிய பணமும் பிரெஞ்சு பிராங்க். அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், ஜெர்மனியிலிருந்து கேமராவை நேரே பிரான்ஸுக்குள் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. எனவே லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம் பாகங்களைச் சார் பகுதியிலுள்ள சாங்க்ட் இங்பெர்ட் என்ற ஊருக்கு அனுப்பி, அங்கே பூட்டி, ‘சாரில் பூட்டப்பட்டது’ என்று பொறித்து விற்றது. 1950-51-ஐ ஒட்டி 3ஏ மாதிரியில் சுமார் 500 கேமராக்கள் இப்படி உருவாயின. 1957 தொடக்கத்தில் சார் மேற்கு ஜெர்மனியோடு இணைந்துவிட்டது.

இந்தச் சிறு கதையை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுங்கச் சுவரைச் சுற்றி வளைத்து வர லைக்காவே இவ்வளவு பாடுபட்டது என்றால், அந்தச் சுவரின் நிழலில் உள்நாட்டுக் கேமராக்காரர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பது புரியும்.

கேள்வி: ஃபோகாவைத் தவிர வேறு பிரெஞ்சு ரேஞ்ச்ஃபைண்டர்கள் இல்லையா?

உண்டு, ஆனால் 35 மி.மீ. ஃபிலிமில், லென்ஸை மாற்றும் வசதியோடு, அந்த உயரத்தில் ஃபோகாவுக்குத் துணை இல்லை. மடித்து வைக்கும் பெரிய கேமராக்களில் தெமாரியா-லாப்பியேர் நிறுவனத்தின் ‘தெல்கா 3’, ருவாயே நிறுவனத்தின் ‘தெலெருவா’ ஆகிய இரண்டையும் குறிப்பிடலாம். இரண்டும் 6 x 9 செ.மீ. படமெடுப்பவை. துருத்தியின் முனையில் நிற்கும் லென்ஸையும் உடலிலுள்ள ரேஞ்ச்ஃபைண்டரையும் இணைப்பது சுலபமான வேலை அன்று என்பதால், இவை கிடைத்தால் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஓ.பி.எல்.-லே 1950-களின் நடுவில் ‘ஃபோகாஸ்போர்ட்’ என்ற, லென்ஸ் நிலையாகப் பொருத்திய மலிவு வரிசையைத் தொடங்கியது. அதில் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளவையும் இல்லாதவையும் உண்டு.

கேள்வி: பிறகு ஏன் நின்றுபோயிற்று? ஜப்பான்காரர்கள் வந்ததால்தானே?

ஜப்பானை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. வரிசைப்படி பார்ப்போம். 1957-ல் ஐரோப்பியப் பொதுச்சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1958 இறுதியில் பிரான்ஸ் தன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியைத் தளர்த்தியது. 1959 தொடக்கத்தில் பொதுச்சந்தை நாடுகளுக்கிடையிலான சுங்க வரியின் முதல் குறைப்பு நடைமுறைக்கு வந்தது. அதாவது ஜெர்மானியக் கேமராக்கள் பிரெஞ்சுக் கடைகளுக்கு எளிதில் வந்தன. இது வாசல்வழி வந்த போட்டி.

இன்னொன்று வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. லென்ஸ் வழியே வரும் காட்சியையே ஆடியால் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராக்களைவிட, ரேஞ்ச்ஃபைண்டருக்கு அக்காலத்தில் உறுதியான ஒரு மேன்மை இருந்தது. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஆடி எழுந்து மடங்க இடம் வேண்டும். எக்ஸாக்டா என்ற எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வாய்க்கும் ஃபிலிமுக்கும் இடைப்பட்ட தூரம் 44.7 மி.மீ.; லைக்காவில் 28.8 மி.மீ. மட்டுமே. 28 அல்லது 35 மி.மீ. குவியத்தூரம் கொண்ட அகலக்கோண லென்ஸ் ஃபிலிமுக்கு அருகில் அமர வேண்டியது. ஆடி நிற்கும் கேமராவில் அதை எங்கே வைப்பது? எனவே அகலக்கோணம் வேண்டுவோர் ரேஞ்ச்ஃபைண்டரைத்தான் நாட வேண்டியிருந்தது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முன்னோடி ஒரு பிரெஞ்சுக்காரரே: லுவார் மாவட்டத்தின் சென்-ஏயானைச் சேர்ந்த பியேர் ஆன்ஷெனியு. தொலைக்கோண லென்ஸைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற அமைப்பில், முன்னே ஒரு பெரிய குழிவில்லையை வைத்து, குவியத்தூரம் குறைவாக இருந்தாலும் லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளியே நிற்கும்படி 1950-ல் அவர் 35 மி.மீ. எஃப் 2.5 ‘ரெட்ரோஃபோகஸ்’ லென்ஸை வெளியிட்டார். அந்தப் பெயரே பின்னாளில் அவ்வகை லென்ஸ்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ரேஞ்ச்ஃபைண்டரின் கோட்டையில் முதல் செங்கல்லை உருவியவர் ஃபோகாவின் நாட்டுக்காரர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

ஜப்பானின் பங்கு அதன் பின்னரே. படம் எடுத்தவுடன் ஆடி தானே இறங்கும் ஏற்பாட்டை அசாஹிஃப்ளெக்ஸ் 1954-ல் கொண்டுவந்தது. 1959-ல் நிகான் எஃப் வந்தது. ஓ.பி.எல். கைகட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1960-ஐ ஒட்டி ‘ஃபோகாஃப்ளெக்ஸ்’ என்ற எஸ்.எல்.ஆரை வெளியிட்டது. மற்றவர்கள் பிம்பத்தை மேலே அனுப்பிப் பட்டகத்தால் திருப்ப, இவர்கள் அரைகுறையாக ஒளி ஊடுருவும் ஆடியால் அதைக் கீழே, கேமராவின் தரைக்கு அனுப்பி, அங்கிருந்து மீண்டும் ஆடியின் ஊடாகக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் திமில் இல்லாத அழகான கேமரா அது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சந்தை அதைக் கேட்கவில்லை. 1964-ல் ஓ.பி.எல்., லெவி என்ற நிறுவனத்தோடு இணைந்து ‘சோப்லெம்’ ஆயிற்று. ராணுவ ஒளியியல் வேலை நிலையாகக் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில், லாபம் தராத கேமராவுக்காக யார் மல்லுக்கட்டுவார்கள்? அறுபதுகளில் ஃபோகா மெல்ல அணைந்தது.

கேள்வி: இரட்டை நட்சத்திரக் கேமராவில் ஃபிலிம் போடுவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதலில் ஷட்டர் திரை. ரப்பர் பூசிய துணி எழுபது ஆண்டுகளில் விறைத்து நுண்துளை விட்டிருக்கும். முதுகுத் தகட்டைக் கழற்றி, லென்ஸையும் கழற்றிவிட்டு, இருட்டறையில் ஒரு சிறு விளக்கைத் திரையின் முன்பக்கம் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தாலும் அது ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் பொட்டாக வரும். திரையை ஏற்றிய நிலையில் ஒருமுறை, ஏற்றாத நிலையில் ஒருமுறை என்று இரண்டு திரைகளையும் பார்க்க வேண்டும். ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றுவது பழைய துணித்திரைக் கேமராக்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பான பழக்கம். இன்னொன்று, லென்ஸை மூடாமல் வெயிலை நோக்கி வைத்துவிடாதீர்கள். இடையில் ஆடி இல்லாததால் லென்ஸ் பூதக்கண்ணாடியாக வேலைசெய்து திரையைச் சுட்டுவிடும்.

அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுர முனையையோ இரவில் ஒரு விண்மீனையோ பாருங்கள். பிம்பங்கள் பொருந்த வேண்டும். பொருந்தினால் பாதிச் சோதனைதான் முடிந்தது. மறுபாதிக்கு, திரையை, பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் ‘பி’ வேகத்தில் திறந்து பிடித்துக்கொண்டு, ஃபிலிம் அமரும் தண்டவாளங்களின்மேல் ஒளி ஊடுருவும் ஒரு துண்டு பால்தாளை இறுக்கமாக ஒட்டி, லென்ஸ் துளையை முழுதும் திறந்து, ஒன்றரை மீட்டரில் எரியும் ஒரு விளக்கின் இழையை ரேஞ்ச்ஃபைண்டரால் பொருத்துங்கள். தாளில் விழும் இழையின் பிம்பத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், அது கூர்மையாக இருக்கிறதா, லென்ஸை இம்மியளவு திருப்பினால் இன்னும் கூர்மையாகிறதா என்பது தெரிந்துவிடும். தூரத்தில் பொருந்தி அருகில் பிசகினால் நெம்புகோலில் கோளாறு. இரண்டிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் ஆடி சற்று நகர்ந்திருக்கிறது. ஆடியின் பூச்சு மிக மெல்லியது என்பதால் இரண்டாம் பிம்பம் மங்கலாகத் தெரிகிறதே என்று துணியால் துடைத்துவிடாதீர்கள். அதை இத்தகைய பழைய கேமராக்களைச் சீர்செய்து பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.